கல்லூரி வகுப்பில் முழுநீளத் திரைப்படம் காட்டிப் பாடம் நடத்தலாமா? நேரம் வீணாகாதா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், உளவியலோ எம்பிஏவோ நடத்துகிறவர் என்று தோன்றுகிறது. "படம் போட்டு ஓபி அடிக்கிறார்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் தெரிகிறது. படத்தை ஓடவிட்டு ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சு நியாயம்தான். கூடவே நின்று, நிறுத்தி நிறுத்தி நடத்தினால் விரிவுரையைவிட வேலை அதிகம்.

குழு முடிவு, இணக்க அழுத்தம் (பெரும்பான்மையோடு ஒத்துப்போக வைக்கும் அழுத்தம்) பற்றிய பாடத்துக்கு சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) படத்தையே வைத்துச் சொல்கிறேன். தந்தையைக் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மீது வழக்கு. அவன் குற்றவாளியா இல்லையா என்று 12 ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள், ஓர் அறையில் முடிவெடுக்கிறார்கள். ஓடும் நேரம் 96 நிமிடம். 50 நிமிடப் பீரியட் இரண்டு வாங்கினால் பேசவே நேரமிருக்காது, மூன்று கேளுங்கள்.

கடைசிக் காட்சி வரை யாருக்கும் பெயர் கிடையாது. அதனால் முதல் கால் மணி நேரம் மாணவர்கள் ஆளைத் தேடியே களைத்துவிடுவார்கள். ஜூரிகள் மேசையைச் சுற்றி எண் வரிசையில் உட்கார்ந்திருப்பதால், அரைத் தாளில் இருக்கை வரைபடம் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வகுப்பில் 60 பேர் என்றால் ஒரு ஜூரிக்கு 5 பேர். தங்கள் ஜூரி 'குற்றவாளி' என்பதிலிருந்து எப்போது மாறினார், அதற்குச் சற்றுமுன் பேசியது யார், மாற்றியது சாட்சியமா வேறு ஏதாவதா? இந்த மூன்றை மட்டும் குறித்தால் போதும். 7ஆம் ஜூரி பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகும் அவசரத்தில் மாறுவார். சூடான விவாதம் அங்கேதான் கிளம்பும்.

முதலில் நிறுத்த வேண்டிய இடம், கை தூக்கும் வாக்கெடுப்பு. 11 பேர் 'குற்றவாளி', 8ஆம் ஜூரி மட்டும் 'குற்றவாளி அல்ல'. பின்னோக்கி ஓட்டி, உடனே தூக்கிய கைகளையும் தயங்கித் தூக்கிய கைகளையும் எண்ணச் சொல்லுங்கள். கோட்பாட்டின் பெயரை அதுவரை சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அதற்கு உதாரணம் பொறுக்குவார்களே தவிரப் பார்க்கமாட்டார்கள். அடுத்து, சீட்டில் எழுதும் ரகசிய வாக்கெடுப்பு. எண்ணத் தொடங்கும் முன் நிறுத்தி, எத்தனை பேர் மாறியிருப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். மாறியவர் ஒருவர்தான், 9ஆம் ஜூரியான முதியவர். இப்போது உளவியலாளர் சாலமன் ஆஷின் சோதனைகளுக்கு வாருங்கள்; மற்றவர்கள் எல்லாரும் தவறான பதிலைச் சொல்லும்போது ஒருவர் அதற்கு இணங்குகிறாரா என்று அவர் பார்த்தார். பதிலை வாயால் சொல்லாமல் தனியாக எழுதினால் இணக்கம் குறையும், துணைக்கு ஒரே ஒருவர் இருந்தாலும் குறையும். இரண்டும் திரையிலேயே இருக்கின்றன.

படத்திலுள்ள தவறும் பாடத்தோடு சேர்ந்து மனதில் பதியும் என்பதை மறந்துவிடாதீர்கள். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாடநூலில் சரியாகப் படித்த பிறகும் மாணவர்கள் பலர் தாங்கள் பார்த்த படத்தின் பிழையையே விடையாக எழுதினார்கள். "படத்தில் பிழை இருக்கலாம்" என்ற பொது எச்சரிக்கை உதவவில்லை; இன்ன இடம் தவறு என்று குறிப்பாகச் சொன்னதுதான் உதவியது. ஆகவே 8ஆம் ஜூரி வெளியே வாங்கிய கத்தியை மேசையில் குத்தும் காட்சியில் நிறுத்தி, நீதிமன்றத்தில் வராத சாட்சியத்தை ஜூரி கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு நம் நாட்டில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கே பேசுவார், லேப்டாப் ஸ்பீக்கரில் ஒன்றும் புரியாது. எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி ப்ரொஜெக்டர் பக்கம் போய்விடும், முந்தின நாளே சரிபாருங்கள். குறிப்பெடுக்கப் பின்வரிசை விளக்கு ஒன்று எரியட்டும்.

காப்புரிமை பற்றி யாராவது மிரட்டினால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டுங்கள். கல்வி நிறுவனப் பணியின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனப் பணிகளோடு நேரடித் தொடர்புடையோர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு அது விலக்குத் தருகிறது. வெளியாட்களை அழைத்துப் போட்டால் அந்த விலக்கு செல்லாது.