ஓடும் ரயிலில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, நான் வேறு ஊரில்: 108 இடம் கேட்கிறது, என்ன சொல்வது?

108-ஐ விட்டுவிட்டு முதலில் ரயில்வே உதவி எண்ணான 139-ஐ அழையுங்கள். மொழியைத் தேர்ந்ததும் 1-ஐ அழுத்தினால் பாதுகாப்பு, மருத்துவ உதவிப் பிரிவு. பயணிதான் பேசவேண்டும் என்றில்லை, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே பேசலாம். ரயில் எண், பெட்டி, படுக்கை எண், பிஎன்ஆர், அப்பாவின் வயது, என்ன செய்கிறது, இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

108 தடுமாறுவதற்குக் காரணம், அது மாநில வாரியாக நடக்கும் சேவை, ஆம்புலன்ஸ் அனுப்ப ஒரு நிலையான இடம் வேண்டும். ஓடுகிற ரயிலுக்கு எந்த முகவரி சொல்வது? ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்குத்தான் ரயில் அடுத்து எங்கே நிற்கும் என்று தெரியும்.

அடுத்து, அப்பாவுக்கு போன் போட்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம். டிடிஇ-யை (டிக்கெட் பரிசோதகரை) கூட்டிவர, பெட்டிகளில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று தேட, அவர்தான் கை கால். டிக்கெட்டில் உள்ள பெட்டியிலேயே அப்பா இருக்கிறாரா என்றும் அவரிடம் கேளுங்கள், இடம் மாற்றி உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் காலி படுக்கையைத்தான் பார்ப்பார்கள்.

ஒன்று, டாக்டர் பெரும்பாலும் அடுத்த பெரிய நிலையத்தில்தான் வருவார், உடனே இல்லை. அதற்காக நடுவழியில் சங்கிலியை இழுக்கச் சொல்லாதீர்கள், ஆம்புலன்ஸ் வர அங்கே பெரும்பாலும் சாலையே இருக்காது. வலி கூடினால் மறுபடி 139, ஆம்புலன்ஸோடு இறக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.