கேள்வி பதில்: மத்தேயு சொல்லும் நத்தாரும் லூக்கா சொல்லும் நத்தாரும் பொருந்துமா?

மட்டக்களப்பில் பாலன்குடில் கட்டத் தொடங்கினாலே இயேசுவின் பிறப்பைச் சொல்லும் இந்த இரண்டு சுவிசேஷங்களும் ஒத்துப்போகுமா என்ற கேள்வியும் கிளம்பிவிடும். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கல்லடி, மறைக்கல்வி ஆசிரியை: சேர், குடிலில் இடையர்களையும் மூன்று ராசாக்களையும் ஒரே இரவில் நிறுத்துகிறோமே, சரியா?

குடிலுக்கு அழகுதான், ஆனால் வேதாகமத்தில் அப்படி இல்லை. இடையர் லூக்காவில் மட்டும், நீங்கள் ராசாக்கள் என்கிற ஞானிகள் மத்தேயுவில் மட்டும். மூன்று பேர் என்றுகூட மத்தேயு எழுதவில்லை, பரிசு மூன்று, அவ்வளவுதான். அவர்கள் போனது ஒரு வீட்டுக்கு. ஏரோது அரசன் கொல்லச் சொன்னது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை என்பதால், பிறந்து கொஞ்சக் காலம் கழித்து வந்தார்கள் என்று எடுக்கலாம்.

கல்முனை: அப்ப ஏரோதுக்குப் பயந்து குடும்பம் எகிப்துக்குப் போனது எப்போது ஐயா? லூக்காவில் அதற்கு இடமே இல்லையே.

சரியான இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் போடும் ஒழுங்கு இது: பெத்லகேமில் பிறப்பு, 40 நாள் கழித்து எருசலேம் கோவிலில் காணிக்கை, திரும்பவும் பெத்லகேம், பிறகு ஞானிகள், எகிப்து, கடைசியில் நாசரேத்து. இதற்கு நல்ல ஆதாரம் ஒன்றும் காட்டுவார்கள். கோவில் காணிக்கையாக லூக்கா சொல்வது இரண்டு புறா. பழைய ஏற்பாட்டின் லேவியர் 12இன்படி அது ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாத தாய்க்கு உரியது. ஞானிகள் கொடுத்த பொன் ஏற்கெனவே வீட்டில் இருந்திருந்தால் புறாவோடு ஏன் போகவேண்டும்?

ஆனால் லூக்கா 2:39 கோவில் கடமை முடிந்ததும் அவர்கள் தங்கள் ஊரான நாசரேத்துக்குத் திரும்பியதாகச் சொல்லுகிறது. நடுவில் எகிப்து இருந்தது, லூக்கா சொல்லாமல் விட்டார் என்று வாதிடலாம்தான். எனக்கு அதைவிட இடிப்பது மத்தேயு 2:22. எகிப்திலிருந்து வந்த யோசேப்பு யூதேயாவுக்குத்தான் போகப் பார்க்கிறார், அங்கே ஏரோதின் மகன் அர்கெலாயு ஆளுகிறான் என்று பயந்துதான் கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறுகிறார். சொந்த ஊருக்குத் திரும்புகிற ஆளைப் பற்றி யாரும் இப்படி எழுதமாட்டார்கள்.

வாழைச்சேனை: குடிமதிப்புக் கணக்கில் சிக்கல் என்கிறார்களே?

இதுதான் பெரிய முடிச்சு. ஒரு குடிமதிப்புக் கணக்கெடுப்புக்காகத்தான் யோசேப்பும் மரியாவும் பெத்லகேம் போனார்கள் என்கிறார் லூக்கா. பிறப்பு ஏரோதின் காலத்தில் என்பதில் மத்தேயு தெளிவு, லூக்காவும் கதையை அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணக்கு. லூக்கா சொல்லும் குரேனியு (பழைய வேதாகமத்தில் சிரேனியு) சிரியாவின் ஆளுநராக வந்து கணக்கெடுத்தது கி.பி. 6இல், அர்கெலாயுவை உரோமர் நீக்கிய பின், என்று யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். இடைவெளி சுமார் பத்து வருடம். குரேனியு முன்பும் ஒருமுறை பதவியில் இருந்தார் என்பார்கள், அதற்குச் சான்று போதாது. லூக்கா காலத்தைத் தவறவிட்டார் என்றே நான் நினைக்கிறேன், அதனால் என் விசுவாசம் ஒன்றும் ஆடவில்லை.

திருக்கோவில்: யோசேப்பின் அப்பா யார், யாக்கோபு என்பவரா, ஏலி என்பவரா?

மத்தேயு யாக்கோபு என்கிறார், லூக்கா ஏலி. ஒருவர் சாலொமோன் வழியாக வருகிறார், மற்றவர் தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதற்கு விளக்கம் தந்தார்: ஏலி பிள்ளையில்லாமல் இறக்க, ஒரே தாயின் மகனான யாக்கோபு அந்த விதவையை மணந்து பெற்ற பிள்ளை யோசேப்பு, ஆகவே யூதச் சட்டப்படி இறந்த ஏலியின் மகன். நடந்திருக்க முடியாதது அல்ல, ஆனால் சுவிசேஷத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. லூக்காவுடையது மரியாவின் வம்சம் என்பதும் அதே மாதிரித்தான், அங்கே எழுதியிருப்பது யோசேப்பின் பெயர்.

அக்கரைப்பற்று: குர்ஆனில் வேறு விதமாக இருக்கிறதே அண்ணன்?

ஆம், மர்யம் அத்தியாயத்தில் பேரீச்சை மரத்தடியில், தனிமையில். அதைத் தனியாகப் பேசுவோம், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

ஆரையம்பதி: அப்ப எதை நம்புவது சேர்?

ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. அப்படியிருந்தும் பெத்லகேம், கன்னி மரியா, தாவீது வம்சத்து யோசேப்பு, ஏரோதின் காலம், வளர்ந்தது நாசரேத்து, இவ்வளவும் ஒத்துப்போகிறது. எனக்கு அது பெரிய விஷயம். மிச்சத்தை இழுத்துக் கட்டி ஒரே கதையாக்கினால் ஏரோதுக்குப் பயந்து ஓடிய குடும்பமும் மங்கிவிடும், தீவனத் தொட்டியில் கிடந்த பிள்ளையும் மங்கிவிடும்.

மீண்டும் கல்லடி: நத்தார் நாடகத்துக்கு என்ன செய்யட்டும்?

இரண்டையும் போடுங்கள் மகள். ஞானிகளுக்குத் தனிக் காட்சி, பின்னால் தொழுவத்துக்குப் பதில் ஒரு வீடு, பாலன் கொஞ்சம் பெரிய பிள்ளை. நடக்கிற பிள்ளையாக இருந்தால் மேடையை விட்டு ஓடிவிடும், தாயை முன் வரிசையில் இருத்துங்கள்.