வாசகர் கேள்வி பதில்: பேரைக் கேட்டதும் ஏன் முகம் மாறுது?

கேள்வி: அக்கா, இஸ்லாம் ஒரு மதம் தானே, இனம் கிடையாதே. அப்புறம் எப்படி முஸ்லிம் வெறுப்பை இனவெறியோட சேர்த்துப் பேசுறீங்க? ஒரு மதத்தை விமர்சனமே பண்ணக் கூடாதா?

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி. எந்த மதமா இருந்தாலும் அதோட நம்பிக்கை என்ன, சட்டம் என்ன, அதுல பெண்களுக்கு என்ன இடம்னு கேக்குற உரிமை எல்லாருக்கும் இருக்கு, அந்த மதத்துக்குள்ள இருக்கிறவங்களே காலங்காலமா கேட்டுட்டு தான் இருக்காங்க. நான் சொல்றது வேற. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நாலே நாள்ல அமெரிக்காவுல அரிசோனாவுல ஒரு பெட்ரோல் பங்க் ஓனரை ஒருத்தன் சுட்டுக் கொன்னான். செத்தவர் முஸ்லிமே கிடையாது, சீக்கியர். தாடியைப் பாத்தான், தலைப்பாகையைப் பாத்தான், சுட்டுட்டான். அதுல எந்த மதக் கொள்கை மேல விமர்சனம் இருந்துச்சு சொல்லுங்க? தோல் நிறம், தாடி, துணி, பேரு இதை வச்சு இவன் அந்தக் கூட்டம்னு முடிவு கட்டி, அந்தக் கூட்டம் மேல இருக்கிற பயத்தையும் கோபத்தையும் கையில கிடைச்ச ஒரு ஆள் மேல கொட்டுறது, இனவெறி எப்பவும் இப்படித் தான் வேலை செய்யுது, அதனால தான் ரெண்டையும் சேர்த்துப் பேசுறேன். பிரிட்டன்ல ரன்னிமீட் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு 1997ல வெளியிட்ட அறிக்கைக்கு அப்புறம் தான் இஸ்லாமோஃபோபியாங்கிற வார்த்தை, அதாவது முஸ்லிம்கள் மேல இருக்கிற பயமும் வெறுப்பும், பரவலாச்சு. அதுல அவங்க சுட்டிக்காட்டினது, முஸ்லிம்கள்னா எல்லாரும் ஒரே அச்சு, மாறவே மாட்டாங்கன்னு பாக்குற அந்தப் பார்வையைத் தான். உலகத்துல நாலுல ஒருத்தர் முஸ்லிம், அத்தனை கோடி பேரும் ஒரே மாதிரி எப்படி இருப்பாங்க?

கேள்வி: எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமா தினமும் முஸ்லிம்களைப் பத்தி ஏதாவது ஃபார்வர்டு பண்றார். எதிர்த்துப் பேசினா வயசுக்கு மரியாதை இல்லைங்கிறாங்க, சும்மா இருந்தா மனசு கேக்கல. என்ன பண்றது?

பதில்: சும்மா இருக்காதீங்கம்மா, அதை மட்டும் முதல்ல சொல்லிடுறேன். ஒரு ஃபார்வர்டு என்ன பண்ணும்னு 2024 ஜூலைல இங்கிலாந்துல சவுத்போர்ட்ங்கிற ஊர்ல பாத்தோம். டான்ஸ் கிளாஸ்ல இருந்த மூணு சின்னப் பொண்ணுங்களை ஒருத்தன் கத்தியால குத்திக் கொன்னுட்டான், நினைச்சாலே நெஞ்சு பதறுது. போலீஸ் பேரைக்கூட வெளியிடல, அதுக்குள்ள கொன்னவன் படகுல வந்த முஸ்லிம் அகதினு ஒரு பொய்ப் பேரோட சோஷியல் மீடியா முழுக்க பரவிடுச்சு. மறுநாளே அந்த ஊர் மசூதி மேல கல்லு விழுந்துச்சு, அடுத்தடுத்த நாள்ல வேற ஊர்கள்ல அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பாத்தாங்க. கடைசில பாத்தா அவன் பிரிட்டன்லயே, வேல்ஸ்ல பிறந்தவன். சரி, ஒரு பேச்சுக்கு அந்த வதந்தி உண்மைனே வச்சுக்குவோம், அப்பவும் மசூதிக்குள்ள இருந்தவங்க என்ன தப்பு பண்ணாங்க? 2019ல நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு மசூதில 51 பேரை ஒரு வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்னப்ப, ஏன் நீங்க கண்டிக்கலனு வழில போற வெள்ளைக்காரங்களை யாரும் நிறுத்திக் கேக்கலையே.

மாமாகிட்ட குரூப்ல மோதாதீங்க. நாலு பேர் முன்னாடி தோக்க யாரும் ரெடியா இருக்க மாட்டாங்க, அவர் இன்னும் ரெண்டு ஃபார்வர்டு எடுத்துட்டு வருவார். தனியா போன் பண்ணி, மாமா இது எங்க நடந்துச்சு, எந்த வருஷம், யார் எடுத்த வீடியோனு நிதானமா கேளுங்க. பொய்னு தெரிஞ்சா நீங்களே குரூப்ல ஒரு வரி, இது பழைய வீடியோ, வேற நாட்டுதுனு போட்டு விட்டுடுங்க. அவர் மாறுறாரோ இல்லையோ, எதுவும் பேசாம படிச்சுட்டு இருக்கிற சின்னப் பசங்களுக்கு அந்த ஒரு வரி போய்ச் சேரும்.

கேள்வி: நான் யாரையும் வெறுக்கல. திறமை இருந்தா யாரா இருந்தாலும் மேல வரலாம் தானே? சும்மா பாகுபாடு பாகுபாடுனு ஏன் சொல்லிட்டே இருக்கீங்க?

பதில்: நீங்க வெறுக்கலங்கிறதை நம்புறேன் சார். ஆனா அமெரிக்காவுல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் வேலை விளம்பரங்களுக்கு 5000 பக்கம் போலி ரெஸ்யூமே அனுப்பிப் பாத்தாங்க, 2004ல அது வெளியாச்சு. ஒரே மாதிரி தகுதி, பேரு மட்டும் தான் வேற. வெள்ளையர் பேரு மாதிரி இருந்தா பத்து ரெஸ்யூமேக்கு ஒரு போன் கால் வந்துச்சு, கறுப்பினத்தவர் பேரு மாதிரி இருந்தா பதினஞ்சுக்கு ஒண்ணு. அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தவங்களைக் கேட்டா அவங்களும் நான் யாரையும் வெறுக்கலனு தான் சொல்லியிருப்பாங்க. திறமையைக் காட்டணும்னா முதல்ல கதவு திறக்கணுமே சார்.

கேள்வி: நான் ஹிஜாப் போடுற பொண்ணு. எங்க குண்டு வெடிச்சாலும் மறுநாள் ஆபீஸ்ல என்கிட்ட தான் வந்து விளக்கம் கேக்குறாங்க. ஜோக்னு சொல்லி ஏதாவது சொல்லுவாங்க. ரொம்ப டயர்டா இருக்கு அக்கா.

பதில்: விளக்கம் சொல்றது உன் வேலை இல்லடா கண்ணு. இதைப் பத்தி நான் பேச விரும்பலனு சொல்லிட்டு எந்திரிச்சுப் போ, அது திமிர் இல்ல. யார், என்னைக்கு, என்ன வார்த்தை சொன்னாங்க, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு அன்னன்னைக்கே எழுதி வை, ஹெச்ஆர்கிட்ட போக வேண்டி வந்தா ஞாபகத்தை விட அந்தத் தேதிகள் தான் உனக்குக் கை கொடுக்கும். உன் பக்கத்து சீட்ல இருக்கிறவங்க இதைப் படிச்சாங்கன்னா அவங்ககிட்டயும் ஒண்ணு கேக்குறேன், அடுத்த தடவை அந்த ஜோக் வரும்போது சிரிக்காம, இதுல என்ன ஜோக் இருக்குனு நீங்க கேளுங்க.