காரம் ஏன் கசக்கிறது?

வணக்கம்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அறிவியல் பாடத்தில் காரங்கள் கசக்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும் என்று படித்துவிட்டு, "காரம் எப்படிம்மா கசக்கும்? காரமாத்தானே இருக்கும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த மாதிரிச் சொற்களாகவே காதில் விழுகின்றன. பல் கூசுகிறது என்கிறோம், வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்கிறோம், பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறோம். கை பிசுபிசுக்கிறது, போராட்டமும் பிசுபிசுத்துப்போனதாகச் செய்தித்தாளில் போடுகிறார்கள். சோறு குழைகிறது, ஆளும் குழைகிறார்.

"தமிழில் சொல் பஞ்சம், அதனால்தான் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறோம்" என்கிறார் என் கணவர். அப்படித்தானா? இன்னொன்று: என் மாமியார் இலங்கைத் தமிழர். நான் காரம் என்பதை அவர் உறைப்பு என்பார். எது சரி?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பையனின் கேள்வி. அவன் குழம்பியதில் தப்பே இல்லை. காரம் நெடுங்காலமாக இரட்டை வாழ்க்கை வாழும் சொல்.

க்ஷாரம் என்ற வடசொல்தான் தமிழில் காரம் ஆனது. செடிகொடிகளை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கிற உப்பைப் பழைய மருத்துவர்கள் அந்தப் பெயரில் அழைத்தார்கள். சதையையே அரிக்கும் சரக்கு அது. வெங்காரம், படிகாரம் எல்லாம் அந்த வழியில் பெயர் பெற்றவை. (இவற்றில் படிகாரம் இன்றைய வேதியியல் கணக்கில் காரமே அல்ல. அதன் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. பெயர் வைத்தவர்களிடம் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாள் இல்லை.) அது தோலில் பட்டால் எரியும். மிளகும் மிளகாயும் நாக்கில் பட்டால் எரியும். இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்ட இடம் அந்த எரிச்சல்தான். சமையற்கட்டு எரிச்சலை வைத்துக்கொண்டது, வேதியியல் சாம்பல் உப்பை வைத்துக்கொண்டது. அந்த உப்பை நாக்கில் வைத்தால் கசக்கும் என்பது தனிச் செய்தி. விரலில் வழவழப்பது ஏனென்றால், காரம் நம் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடுகிறது.

காரத்துக்கு எதிரே நிற்கிற அமிலமும் சுவையிலிருந்து வந்த சொல்தான். அம்லம் என்றால் புளிப்பு. பாடநூல் எழுதியவர்கள் புதுச்சொல் ஆக்கியிருந்தால் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், அந்த அளவுக்கு நான் உங்கள் மகன் கட்சி. ஆய்வுக்கூடத்தில் எதையும் நக்கிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவையுங்கள்.

"இனிப்பும் காரமும் வாங்கிட்டு வா" என்கிறபோது இன்னொரு காரம் வருகிறது. மிளகாயே போடாத முறுக்கும் அதில் அடங்கும். அங்கே காரம் என்றால் இனிப்பு அல்லாதது, அவ்வளவுதான். விவாதம் காரசாரமாக நடந்தது என்னும்போது முறுக்கும் இல்லை, சாம்பலும் இல்லை.

இனி உங்கள் கணவரின் பஞ்சம். எனக்கு அது பஞ்சமாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய சொற்களையே பாருங்கள்: கூசுகிறது, பிசுபிசுக்கிறது, குழைகிறது. எல்லாம் வினைச்சொற்கள். இவற்றோடு கரிக்கிறது, உறைக்கிறது, திகட்டுகிறது, கசக்கிறது, நமத்துப்போகிறது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வாய்க்குள் போன பொருளுக்கு வைத்த பெயர்களாக நாம் இவற்றை நினைக்கிறோம். உண்மையில் இவற்றில் பல, அந்தப் பொருள் பட்டதும் நம் உடம்பில் நடப்பதைச் சொல்கின்றன. அதே மாதிரி வேறு எங்கே நடந்தாலும் சொல் அங்கேயும் போய்விடுகிறது.

கூசுதலை எடுத்துக்கொள்ளுங்கள். புளித்த மாங்காயைக் கடித்தபின் பல் கூசுகிறது. பல்லின் மேல்பூச்சு தேய்ந்தவர்களுக்கு ஐஸ் தண்ணீர் போதும். உள்ளே இருக்கிற நுண்குழாய்களில் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டிவிடும், உடனே முகத்தைச் சுளித்து உதட்டை மூடிக்கொள்வோம். இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது, இமையை இடுக்குகிறோம். அக்குளில் விரல் வைத்தால் உடம்பு கூசுகிறது, தோளைக் குறுக்கிக்கொள்கிறோம். பத்துப் பேர் முன்னால் பேசச் சொன்னால் கூச்சம் வருகிறது, அப்போதும் அதே தோள்தான் குறுகுகிறது. எல்லா இடத்திலும் உடம்பு செய்வது ஒரே காரியம்: பின்வாங்கிச் சுருங்குவது. அதற்குத்தான் அந்தச் சொல். பல்லுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்திருந்தால் இந்த ஒற்றுமை கண்ணிலேயே பட்டிருக்காது. "அப்படிச் சொல்ல உனக்கு நாக்கூசலையா?" என்று ஒருவரைத் திட்டுகிறோமே, அதில் நாக்கு சுவை பார்க்கவில்லை, ஆனால் பின்வாங்கியிருக்க வேண்டிய உறுப்பு அதுதான்.

சுள் என்ற சின்னச் சொல்லும் இப்படித்தான். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எறும்பு சுள்ளென்று கடிக்கிறது, மிளகாய் சுள்ளென்று ஏறுகிறது, சிலருக்குக் கோபம் சுள்ளென்று வருகிறது. இதில் வெயிலையும் மிளகாயையும் சேர்த்தது வெறும் கற்பனை இல்லை. 43 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் விழித்துக்கொள்கிற ஓர் உணர்வேற்பி நம் நரம்புகளில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் தட்டி எழுப்புவதும் அதையேதான், மிளகின் பைப்பரினும் அதையே தட்டுகிறது. 1997இல் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதை அடையாளம் கண்டார்கள், 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மிளகாய் கடித்தவரின் மூளைக்குப் போகிற தகவல் சுவையைப் பற்றியது அல்ல, வாய் சுடுகிறது என்பது.

துவர்ப்பின் கதையும் அதுவே. பாக்கிலும் கடுக்காயிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது. வாயின் வழவழப்பு போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு உராய்கின்றன. அதனால் துவர்ப்பைப் பெரும்பாலும் தொடு உணர்வாகவே கருதுகிறார்கள். தமிழில் துவர்தல் என்றால் உலர்தல். குமரி மாவட்டத்தில் ஈரம் துடைக்கிற துண்டுக்குத் துவர்த்து என்றே பெயர். சுவையைச் சொல்லும் துவரும் உலர்வதைச் சொல்லும் துவரும் ஒரே வேர்தான் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் பச்சை வாழைக்காயைக் கடித்துவிட்டு வாயைத் துண்டால் துடைத்துவிட்டது போல உணர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அறுசுவை என்று எண்ணியவர்கள் நாக்கின் சுவைமொட்டுகளை எண்ணவில்லை, வாயில் நடப்பதையெல்லாம் எண்ணினார்கள். (இந்த எண்ணிக்கை தமிழுக்கு மட்டும் உரியதல்ல, ஆயுர்வேதத்திலும் இதே ஆறுதான்.)

ஒரு சொல் பல பொருள் தருவது நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. ஒரு சொல் பல பொருளுக்கு உரிமையாவதையும் பல சொல் ஒரு பொருளுக்கு உரிமையாவதையும் தொல்காப்பியம், உரிச்சொற்களைப் பற்றிய உரியியலின் தொடக்கத்திலேயே பேசிவிடுகிறது. அங்கே கடி என்ற ஒற்றைச் சொல்லுக்குக் காவல், கூர்மை, விரைவு, அச்சம் என்று நீளப் பட்டியல் போட்டு, பிறகு ஐயமும் கரிப்பும்கூட அதன் பொருள்களாக வரலாம் என்று சேர்க்கிறது. கரிப்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "கடிமிளகு தின்ற கல்லா மந்தி". உப்பு அல்ல, மிளகு! இன்று கரிக்கிறது என்றால் உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். அன்று மிளகைத் தின்ற குரங்கின் வாயில் இருந்ததும் கரிப்பு. மிளகாய் அப்போது இந்தப் பக்கமே வரவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்து சேர்க்கும்வரை நம் உறைப்பெல்லாம் மிளகு, இஞ்சி, திப்பிலியின் தயவு. மிளகாய் வந்தபோதும் மிளகின் பெயரைத்தான் அதற்கு மாட்டிவிட்டோம்.

பதத்தைக் குறிக்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது குழைவு. அரிசியின் மாவுச்சத்து அளவுக்கு மீறி நீர் குடித்து, பருத்து, வெடித்துக் கசிந்தால் சோறு குழைந்தது என்று முகம் கோணுகிறோம். அதே சோறு பொங்கலாக இருந்தால், "நல்லா குழைஞ்சிருக்கு" என்று பாராட்டு. பாடகருக்குக் குரலில் குழைவு இருந்தால் அது பெரிய குணம். மேலதிகாரி முன்னால் ஒருவர் குழைந்தால் பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். நாய் வாலைக் குழைத்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. விறைப்பு விட்டுப்போவது எல்லாவற்றிலும் பொது. நல்லதா கெட்டதா என்பதைச் சொல் தீர்மானிக்கவில்லை, விறைப்பு அங்கே தேவைப்பட்டதா என்பதுதான் தீர்மானிக்கிறது. மசிதலும் இதன் பங்காளி. கீரை மசிந்தால் சந்தோஷம், "அந்த ஆள் எதுக்கும் மசியமாட்டார்" என்றால் அது மரியாதையாகவும் இருக்கலாம், சலிப்பாகவும் இருக்கலாம்.

போராட்டம் பிசுபிசுத்ததற்கும் பாகு ஒட்டிய கைக்கும் உறவு இருப்பதாக எனக்குப் படவில்லை. மழையும் பிசுபிசுவென்று தூறும். கொட்டும் கொட்டும் என்று எதிர்பார்த்த மழை நாலு தூறலோடு நின்றுபோவதிலிருந்து அந்த வழக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நமத்துப்போவது நேரடியானது: காற்றின் ஈரம் ஏறி முறுக்கும் பட்டாசும் தீக்குச்சியும் நமக்கின்றன. மூன்றிலும் எதிர்பார்த்த சத்தம் வருவதில்லை.

சத்தம் என்றதும் கணவரிடம் கேட்கச் சொல்ல ஒன்று தோன்றுகிறது. மொறுமொறு, கரகர, நறநற, சொதசொத, சவசவ, கொழகொழ, வழவழ. இவை ஒவ்வொன்றும் பல்லுக்கடியில் வேறு வேறு. அப்பளம் மொறுமொறுக்கும், நறநறக்காது. நறநறத்தால் அரிசியில் மண் என்று அர்த்தம். கொழகொழ என்பதில் ழவை ழுவாக மாற்றிக் கொழுகொழு ஆக்கினால் வெண்டைக்காய் போய்க் குழந்தை வந்துவிடும். பஞ்சம் என்று சொல்கிறவர் இவற்றில் எதை வேண்டாம் என்று தள்ளுவார்?

அப்புறம் உங்கள் மாமியார். உறைப்பு, காரம் இரண்டும் சரி. காரம் வடமொழி வழி வந்தது, உறைப்பு தமிழிலேயே உள்ளது. இலங்கையில் அதுதான் அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் சாப்பாட்டுக்கு அதைக் குறைத்துக்கொண்டாலும் நாம் முற்றாக விட்டுவிடவில்லை. "எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு உறைக்கலை", "அப்பதான் எனக்கு உறைச்சுது" என்கிறோமே, அதே உறைப்புதான். சுருக்கென்று போய்ப் பதிவது.

அவரோடு பேசும்போது ஒரே ஒரு எழுத்தில் கவனமாக இருங்கள். குழம்பு உறைத்தது என்றால் மிளகாய்த்தூள் கூடிவிட்டது. குழம்பு உறைந்தது என்றால் அதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுடவைக்க வேண்டும்.