எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது: எம்ஆர்ஐ எடுக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு மாதமாக இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் நொண்டுகிறாள். பிறகு ஓடி விளையாடுகிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆர்ஏ ஃபேக்டர் என்ற மூட்டுவாத ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். குழந்தைகளுக்கான மூட்டுவாத மருத்துவர் கையால் பரிசோதித்துவிட்டு, “இது சிறார் மூட்டுவாதம், சிகிச்சையைத் தொடங்கலாம்” என்கிறார். தெரிந்தவர் ஒருவரோ, “எம்ஆர்ஐ பார்க்காமல் மருந்து கொடுக்கவே கூடாது, முழு உடலுக்கும் எடுத்துவிடுங்கள், நானே ஏற்பாடு செய்கிறேன்” என்கிறார். கதிர்வீச்சையும் கான்ட்ராஸ்ட் ஊசியையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எம்ஆர்ஐ தேவைப்பட்டால் அது தன் பாட்டுக்கு நடக்கட்டும்.

16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாத மூட்டழற்சிக்குத்தான் சிறார் மூட்டுவாதம் என்று பெயர். இந்த வரையறையில் எம்ஆர்ஐ இல்லை. வீக்கம், சூடு, காலை மடக்கும்போது ஏற்படும் தடை, காலை நேர விறைப்பு ஆகியவற்றை மருத்துவர் கையால் தொட்டும் உங்களிடம் கேட்டும்தான் நோயை நிர்ணயிக்கிறார். இந்த நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் வரும். எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் சுத்தமாகவே இருக்கும், ஏனென்றால் எலும்பு அரிபட்ட பிறகுதான் அதில் தெரியும். அதனால் அந்த இரண்டு முடிவுகளையும் வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், மருத்துவர் சொன்னதைச் சந்தேகிக்கவும் வேண்டாம். வளரும் வயதில் ஒரு முழங்காலில் அழற்சி மாதக்கணக்கில் நின்றால் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டு, இரு கால்களின் நீளமும் வேறுபட்டுவிடலாம். காத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

எம்ஆர்ஐயின் பலம் வேறு. மூட்டின் உட்சவ்வு தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, எலும்பின் மஜ்ஜைக்குள் வீக்கம் இருக்கிறதா, குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கிவிட்டதா என்பதையெல்லாம் அது காட்டும். கைக்கு எட்டாத மூட்டுகளுக்கும், இது அழற்சிதானா வேறு ஏதாவதா என்று மருத்துவருக்கே ஐயம் இருக்கும் மூட்டுக்கும், வெளியே வீக்கம் வற்றிய பிறகும் உள்ளே கனல்கிறதா என்று பார்க்கவும் அது உதவும். உங்கள் மகளின் முழங்கால் கண்ணுக்கே தெரிகிறது. சந்தேகம் இருந்தாலும் பல நேரம் அல்ட்ராசவுண்டே போதும்; மயக்க மருந்தும் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

“நானே ஏற்பாடு செய்கிறேன்” என்றாரே, அவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஸ்கேனுக்கு ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்குபவர்கள் எப்போதும் பெரிய பரிசோதனையைத்தான் சொல்வார்கள். முழு உடல் எம்ஆர்ஐ என்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஒரே அமர்வில் உடல் முழுவதையும் படமெடுக்கும்போது ஒவ்வொரு மூட்டின் நுணுக்கமும் குறைகிறது. முழங்காலின் மெல்லிய சவ்வு தனி முழங்கால் ஸ்கேனில் தெரியும் அளவுக்கு அதில் தெரியாது. மருத்துவர் கேட்காத ஸ்கேனுக்குக் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். ஒருமுறை ஒரு குடும்பம் மூன்று எம்ஆர்ஐ உறைகளோடு என்னிடம் வந்தது. மூன்றிலும் கான்ட்ராஸ்ட் இல்லை. நான் கேட்க நினைத்த கேள்விக்கு ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான். கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது காடோலினியம். அது இல்லாமல் எடுத்தால் தடித்த சவ்வும் கோத்திருக்கும் நீரும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஊசி போட்டதும் அழற்சியுள்ள சவ்வு மட்டும் பளிச்சென்று பிரியும். ஆனால் சில நிமிடங்களுக்குள் படமெடுக்க வேண்டும். தாமதித்தால் மருந்து நீரிலும் கசிந்து, எல்லை மங்கிவிடும். சிறுநீரகக் கோளாறோ, முன்பு ஊசியால் ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். 9 வயதுக் குழந்தை பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே அசையாமல் படுத்துக்கொள்ளும். எம்ஆர்ஐ இயந்திரத்தின் இரைச்சலை முன்பே கேட்கவைத்துப் பழக்குங்கள்.

எனக்குப் பொறுமை போவது ஸ்கேனுக்கு எழுதித்தரும் சீட்டைப் பார்க்கும்போது. “எம்ஆர்ஐ முழங்கால்” என்று இரண்டே சொல். என்ன சந்தேகம், எத்தனை நாளாக, என்ன மருந்து எடுக்கிறாள் என்று எதுவும் இருக்காது. படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? வளரும் எலும்பை அதிகம் பார்த்துப் பழகாதவர் படித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆரோக்கியமான குழந்தையின் மணிக்கட்டு எலும்பிலும் சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றை அரிப்பு என்று எழுதிவிடுவார்கள். வளர்ச்சியில் இயல்பாகவே மஜ்ஜை பளிச்சிடும். அதை வீக்கம் என்பார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பெற்றோர் பல இரவு தூங்குவதில்லை. ஆகவே கேள்வியைச் சீட்டில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். ரிப்போர்ட்டோடு படங்கள் அடங்கிய சிடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் தேதியோடு சொல்லுங்கள், அது அழற்சியை மறைக்கும்.

எம்ஆர்ஐயைத் தள்ளவே கூடாத ஓர் இடம் உண்டு: தாடை மூட்டு. இதை நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன். அங்கே அழற்சி வந்தால் பல குழந்தைகளுக்கு வலியே இருக்காது, வெளியே வீக்கமும் தெரியாது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கலாம். ஆனால் கீழ்த்தாடை வளர்வதே அந்த மூட்டின் மேற்பரப்புக் குருத்தெலும்பிலிருந்துதான். அது கெட்டால் மோவாய் உள்வாங்கும், அல்லது ஒரு பக்கம் கோணும். பல் மருத்துவர் எடுக்கும் எக்ஸ்ரே ஏற்பட்டுவிட்ட சேதத்தைத்தான் காட்டும். நடந்துகொண்டிருக்கும் அழற்சியை அல்ல. ஆகவே மாதம் ஒருமுறை கண்ணாடி முன் மகளை வாய் திறக்கச் சொல்லுங்கள். மோவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா? முன்பைவிடக் குறைவாகத் திறக்கிறதா? கடினமானதைக் கடிக்கத் தவிர்க்கிறாளா? சந்தேகம் வந்தால் இரு பக்கத்துக்கும் கான்ட்ராஸ்டோடு எம்ஆர்ஐ வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டும் யோசனை இருந்தால், அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உலோகம் அங்கே படத்தைக் கெடுத்துவிடும். இரண்டு மாதமாக முழங்கால் மட்டும் வீங்கிய குழந்தைக்கு இது இப்போது வந்திருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கண் மருத்துவரைப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சில மூட்டுகள் மட்டும் வீங்கும் சிறுமிகளுக்கு, குறிப்பாக ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால், கண்ணுக்குள் அழற்சி வரலாம். கண் சிவக்காது, வலிக்காது, குழந்தையும் சொல்லாது. ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும்; விட்டால் பார்வையே போகும். ஸ்கேன் நாள் எப்போது கிடைத்தாலும் சரி, இந்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். அடுத்து எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.