மூன்று கைகள் மாறிய நீலக் கிட்டார்

கேள்வி: ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியின் ‘நீலக் கிட்டார்’ வண்ண எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம்) வரிசை, அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸின் நெடுங்கவிதையிலிருந்து பிறந்தது என்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எந்த வரிக்கு எந்தப் படம் என்று பிடிபடவில்லை. பிறகு எப்படி இவற்றைக் கவிதையின் படங்கள் என்பது? வண்ணங்கள் அச்சிட்ட பிறகு கையால் தீட்டப்பட்டவையா?

பதில்: வரிக்கு வரி பொருத்தம் தேடினால் கிடைக்காது. கவிதைக்கு விளக்கப்படம் வரைவது தம் நோக்கமன்று, அதன் கருப்பொருளைக் காட்சியாக்கிப் பார்ப்பதே நோக்கம் என்று ஹாக்னியே கூறியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி நீ வாசிப்பதில்லையே என்று குறைகூறுபவர்களிடம், நீலக் கிட்டாரில் ஏறியதும் உள்ளதே மாறிவிடுகிறது என்று கலைஞன் சொல்லும் மறுமொழிதான் அந்தக் கருப்பொருள். ஹாக்னி பிறந்த அதே 1937இல் நூலாக வெளிவந்த அக்கவிதை, தன் 33 பகுதிகளிலும் இந்த ஒரே வழக்கைத்தான் விதவிதமாக வாதிடுகிறது.

கவிதைக்கும் முன்னால் பிக்காசோ நிற்கிறார். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் உள்ள, 1903–04இல் அவர் தீட்டிய ‘முதிய கிட்டார் கலைஞர்’ ஓவியத்தில் கிழவரின் உடலும் உடையும் பின்புலமும் நீலம். கிட்டார் மட்டும் பழுப்பு. நீலம் கருவிக்கு இடம்மாறியது கவிதையில்தான். குறிப்பிட்ட எந்தப் பிக்காசோ ஓவியத்தையும் மனத்தில் கொண்டு எழுதவில்லை என்று ஸ்டீவன்ஸ் பின்னாளில் மறுத்தார். ஆனால் 1976 கோடையில் கவிதையைப் படித்து, மறு ஆண்டில் 20 எட்சிங்குகளாக வரிசையை வெளியிட்ட ஹாக்னி, பிக்காசோவால் தூண்டப்பட்ட ஸ்டீவன்ஸால் தூண்டப்பட்டவர் என்று நூலின் துணைத்தலைப்பிலேயே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பிள்ளை மறுத்த உறவைப் பேரன் கொண்டாடுவது போன்ற வேடிக்கை இது.

படங்களின் தலைப்புகளைக் கவனியுங்கள். கவிதையின் பொருள் கவிதையே என்று ஸ்டீவன்ஸ் எழுதியிருக்க, ஒரு தகட்டுக்கு ‘எட்சிங்கே பொருள்’ என்று ஹாக்னி பெயரிடுகிறார். இன்னொன்றில், பிக்காசோ வரைந்த, அவருடைய துணைவி டோரா மாரின் உருவப்படத்தைத் தம் கோடுகளில் மீண்டும் வரைந்து, அதனருகே திரைச்சீலை ஒன்றையும் தொங்கவிடுகிறார். எது பொருள், எது படம், எது படத்தின் படம் என்ற இந்தக் குழப்பம்தான் கவிதை அவருக்குக் கொடுத்தது. சில தகடுகளில் பிக்காசோவின் சுமை ஏறி, ஸ்டீவன்ஸின் குரல் அடங்கிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்ணங்கள் கையால் தீட்டியவை அல்ல. வழக்கமான வண்ண எட்சிங்கில் நிறத்துக்கொரு தகடு செய்து, அவை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்படி அச்சிட வேண்டும். இந்த உழைப்பிலேயே கோட்டின் துள்ளல் செத்துவிடும். பிக்காசோவுக்கு அச்சிட்டுக் கொடுத்த ஆல்டோ க்ரோம்லின்க், தகடுகளை இம்மியும் நகராமல் பொருத்தும் சட்டகம் ஒன்றைப் பிக்காசோவை மனத்தில் கொண்டு உருவாக்கியிருந்தார். 1973 ஏப்ரலில் பிக்காசோ மறைந்ததால் அது அவருக்குப் பயன்படாமலே போயிற்று. அதே ஆண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்த ஹாக்னி, அதை க்ரோம்லின்கிடமே கற்றுக்கொண்டார். சர்க்கரைப் பாகு கலந்த மையால் தகட்டில் தூரிகை கொண்டு வரைந்து, மேலே மெழுகுப் பூச்சிட்டு, வெந்நீரில் முக்கும் முறையும் அங்கே கற்றதுதான்: பாகு கரைந்து பூச்சைத் தூக்கிவிட, தூரிகை போன தடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். நீங்கள் கையால் தீட்டியதோ என்று ஐயுற்றது இந்தத் தடத்தைக் கண்டுதான்.

1966இல் கிரேக்கக் கவிஞர் கவாஃபியின் கவிதைகளுக்காக ஹாக்னி செய்தவை கருப்புக் கோடுகளாலான எட்சிங்குகளே. முடிந்தால் அவற்றை முதலில் பாருங்கள். பிறகு, கவிதையும் சேர்த்து அச்சான 1977ஆம் ஆண்டு நூலைப் புரட்டினால், பதினோராண்டுகளில் அவருடைய கை எவ்வளவு இளகியிருக்கிறது என்பது தெரியும்.