தாத்தா மாதிரி வாழ்ந்தால் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. வேளச்சேரியில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்தே தெரியாத என் தாத்தா, கம்பங்கூழ் குடித்தே 90 வயது வரை வாழ்ந்தார். நானும் அப்படி மாறினால் மாத்திரையை நிறுத்தலாமா? பிறக்கப்போகும் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தடுப்பூசியைத் தவிர்க்கவே கூடாது.

தாத்தாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிறந்த பிள்ளைகள் தங்காததால், அடுத்த பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அம்மையிலும் வாந்திபேதியிலும் பேறுகால ஜன்னியிலும் போனவர்களை நாம் பார்த்ததில்லை. பிழைத்த தாத்தாவை மட்டும்தான் பார்த்தோம். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வயது. இன்று 70. குழந்தைச் சாவு குறைந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். அம்மைத் தடுப்பு மருந்தை நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே தயாரித்தார்கள். 1975-க்குப் பிறகு பெரியம்மை இங்கே யாரையும் தொடவில்லை. போலியோ ஒழிந்த நாடென்று 2014-ல் சான்றிதழும் வாங்கிவிட்டோம்.

ஆனாலும் உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. பொலிவியாக் காட்டில் வேட்டையாடியும் பயிர் செய்தும் வாழும் சிமானே மக்களின் இதய ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதுவரை ஆராய்ந்த எந்த மக்களையும்விட அவர்களுக்குத்தான் மாரடைப்புக்கான அறிகுறி குறைவு. பகலில் பெரும்பகுதி அவர்கள் உடம்பு அசைந்துகொண்டே இருக்கிறது. அதே மக்களிடம் தொற்றுநோயால் சாகும் குழந்தைகளும் அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தாத்தாவிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய நடை, வேளைக்குத் தூக்கம். கூழை அளவோடு குடியுங்கள். கம்பும் மாவுச்சத்துதான், சொம்பு சொம்பாக இறக்கினால் சர்க்கரை ஏறும். நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்திருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் அவரே மாத்திரையைக் குறைப்பார். நீங்களாக நிறுத்தினால், எந்த வலியும் காட்டாமல் கண்ணும் சிறுநீரகமும் கெடும்.

குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), மஞ்சள் காமாலை தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் மனைவிக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.